மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. நானே, என் கையால், என் பேனாவால் எழுதுவது. நான் சுகம். நீ, மாப்பிள்ளை, பட்டாணி மூவரும் சுகமா?

கண்ணு, இந்த நான்கு வரி எழுத ஒரு சாயங்காலம் ஆனது. சிரிக்காதே. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எழுபத்திரண்டில் வளைந்திருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நூலக மாடியில் வகுப்பு. நடத்துவது ஓய்வு பெற்ற நர்ஸம்மா. ஊசி போடுகிற கை அல்லவா, சிவப்பு மையால் குத்துகிறார். 'இ' எழுத எனக்கு மட்டும் உடனே வந்துவிட்டது. மோட்டாருக்குக் கம்பி சுற்றிய கை. "எழுத்து ஒவ்வொண்ணும் உங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி இருக்கு போல" என்கிறார்.

இப்போது தெருவில் நடக்க நேரம் ஆகிறது. எல்லாப் பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. நாற்பது வருஷம் நான் ஏறி இறங்கிய கட்டடத்தின் பெயரே நேற்றுத்தான் எனக்குத் தெரியும்!

போனில் பேசினால் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. நீ கடிதம் போடு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஜூனில் பட்டாணியை மூன்று மாதம் என்னிடம் விட்டுவிட்டு அடுத்த படம் எடுக்கப் போவதாகச் சொன்னாயே, அது உறுதிதானே? உள் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன்.

நீ எடுத்த படம் இங்கே வருகிறது என்று சுவரொட்டியில் நானே படித்தேன். உன் பெயரை மூன்று தரம் படித்தேன். நீ இன்னும் ஆறு மாடியும் படியில்தான் ஏறுகிறாயா? லிஃப்ட் மெக்கானிக் மகள் படி ஏறினால் ஊர் என் தொழிலைப் பற்றி என்ன நினைக்கும்?

இப்படிக்கு,
அப்பா
(கையெழுத்து. கைநாட்டு அல்ல.)


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உறையின் மேல் அச்சு மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்ததைப் பார்த்ததும் யாரோ கம்பெனிக்காரர் என்று நினைத்தேன். பிரித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை ஓடி வந்து, "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்றார். நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "இனிமே மாமனார்கிட்ட கடன் கேட்டா எழுத்து மூலமா மாட்டிக்குவேன்" என்றார்.

பட்டாணிக்கு ஐந்து முடிந்துவிட்டது. எதையும் பேசித்தான் செய்வாள். தூக்கத்தில்கூடப் பேச்சு. ஜூன் இரண்டாம் தேதி ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாள் திரும்புவேன்.

படி ஏறுவது முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான்.

படத்துக்குப் போக வேண்டாம் அப்பா. பாட்டு இல்லை, சண்டை இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது ஒரு வார்த்தை பேசுவார்கள். பரிசு கொடுக்கிறவர்களே பாதியில் தூங்கிவிட்டார்கள். இருட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் உங்கள் கால் பிடித்துக்கொள்ளும். நான் வரும்போது கதையைச் சொல்கிறேன்.

எழுத்தின் அளவு போதுமா?

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 12

அன்பு மகளுக்கு,

அப்பா, தன் கையால். நலம். உங்கள் நலம் எழுதவும். எழுத்து அளவு போதும். கண்ணாடி இல்லாமலே படித்தேன்.

நீ வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை. வகுப்பில் நாங்கள் எட்டுப் பேரும் நர்ஸம்மாவும் போனோம். அது என் மகள் எடுத்த படம் என்று யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் பெயர் ஓடும்போது எழுந்து நின்று சொல்லலாம், எல்லோரும் ஆவென்று பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

'தொங்கும் அறை' என்று பெயர் வந்ததும் நான்தான் முதலில் சத்தம் போட்டுப் படித்தேன். பின்னாலிருந்து ஒருவர், "தாத்தா, எங்களுக்கும் படிக்கத் தெரியும்" என்றார்.

லிஃப்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பழைய ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்ட் மாதிரியே கிரில் கதவு, பித்தளைக் கைப்பிடி. எங்கே பிடித்தாய்? சில தப்புகள் இருக்கின்றன. அடுத்த படத்துக்கு உதவும் என்று எழுதுகிறேன். பிரேக் பிடிக்கும் சத்தம் அப்படி வராது. 'டக்' என்று ஒரே அடி. அப்புறம், அந்தப் பெண் குழந்தை உள்ளே இருக்கும்போது விளக்கு அணைகிறதே, அது நடக்காது. மோட்டாரை நிறுத்தினாலும் உள்விளக்கு எரியும். அது தனி லைன். நானே இழுத்த லைன். உன் கேமராக்காரருக்கு யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குழந்தை நன்றாக நடித்தது. அப்பாவாக வந்தவர் என்னைவிட உயரம்.

நர்ஸம்மா ஒன்று சொன்னார். அதை எழுத இன்னும் எனக்கு எழுத்து போதவில்லை. கடைசியில் எழுந்து நிற்கவில்லை. கால் பிடித்துக்கொண்டது. நீ சொன்னது சரி.

இப்படிக்கு,
அப்பா
(கையெழுத்து)


மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

போய்விட்டீர்கள். சரி.

பிரேக் சத்தத்தைக் குறித்துக்கொண்டேன். விளக்கு அப்படியே இருக்கட்டும் அப்பா.

நர்ஸம்மா என்ன சொன்னார்? வேறு எதுவும் உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லையா?

பட்டாணி உங்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். உள்ளே வைத்திருக்கிறேன். அது நீங்களாம். கை மூன்று இருக்கிறது. கேட்டால், "தாத்தா நெறைய வேலை செய்வாருல்ல" என்கிறாள்.

அன்புடன்,
மகள்


ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு நலம். மூன்று கைப் படத்தைச் சுவரில் ஒட்டினேன்.

நர்ஸம்மா சொன்னதை எழுதுகிறேன். இருபது நாள் ஆனது இதை எழுத. இருட்டுக்குள் அந்தக் குழந்தை யாரும் கேட்காமலே "இருக்கேன்... இருக்கேன்..." என்று சொல்கிற இடம். நர்ஸம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் குனிந்து, "இவனெல்லாம் ஒரு அப்பனா? இவனைப் பிடிச்சு அதே பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டணும், என்ன சொல்றீங்க?" என்றார். நான், "ஆமாம்" என்றேன். கண்ணு, "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்! வேறு என்ன சொல்வது? முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முந்நூறு பேரும் உச்சுக் கொட்டினார்கள். அதுவரை நான் பித்தளைக் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த ஆள் யார் என்று உறைத்தது.

அன்றிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை.

நான் சொல்வதையும் கேள். அம்மா போனபோது உனக்கு நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும், அன்றுதான் எனக்கு எண்ணெய் விடும் வேலை. உன்னை எங்கே விடுவது? மொட்டை மாடி மெஷின் ரூமில் பல்சக்கரம் ஓடுகிறது. படியில் விட்டால் விழுவாய். தெருவில் விட்டால் போவாய். லிஃப்டை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிறுத்திவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது, நீயும் வெளியே விழ முடியாது. உலகத்திலேயே பத்திரமான தொட்டில் அதுதான் என்று நினைத்தேன். லிஃப்ட்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? காவலாளிக்குத் தெரியாமல் உன்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவருவேன். ஸ்டூல், சாக்பீஸ், தண்ணீர் எல்லாம் வைப்பேன். மேலேயிருந்து, "இருக்கியா?" என்பேன். கீழேயிருந்து, "இருக்கேன்!" என்பாய். அந்தச் சத்தம் குழாய் வழியாக வருவது மாதிரி இனிமையாக வரும். அதைப் போய் இப்படிக் காட்டலாமா?

ஒரே ஒரு நாள் நான் வெளியே போனேன். ஒப்புக்கொள்கிறேன். போனேன், வந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். ஆறு வயசுக் குழந்தைக்கு ஒரு மணி ஒரு நாள் மாதிரித் தெரியும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. குஞ்சுக்குக் காக்கை யார் என்று உன் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
அப்பா


மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் இனிமைதான். அவை படத்தில் இருக்கின்றன. முதல் அரை மணி நேரம் அதுதானே? அந்தக் குழந்தை சிரிக்கும் இடங்களை நீங்கள் பார்க்கவில்லையா?

அந்த ஒரு நாளைப் பற்றி என் நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். கிரில்லுக்கு அந்தப் பக்கம் செங்கல் சுவர். அதில் பூசிய சிமெண்டில் யாரோ கொத்தனாரின் கை பதிந்திருந்தது. அந்தக் கையோடு என் கையை வைத்து வைத்துப் பார்த்தேன். அப்புறம் விளக்கு போய்விட்டது. கையும் போய்விட்டது. நீங்கள் "சத்தம் போடாதே, வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சா அப்பா வேலை போயிடும்" என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் கத்தவில்லை. "இருக்கேன்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் மேலே கேட்டு எனக்குத்தான் காதில் விழவில்லையோ என்று. சிறுநீர் போய் உடை நனைந்து, காய்ந்துவிட்டது.

கதவு திறந்தது. நீங்கள் புதுச் சட்டை போட்டிருந்தீர்கள். நீல நிறம். மடிப்புக் கோடுகூடப் போகாத சட்டை. "பத்து நிமிஷம்தான் கண்ணு" என்று என்னை வாரித் தூக்கினீர்கள். காலரில் கடைக்காரன் குத்திய குண்டூசி ஒன்று எடுக்காமல் இருந்தது. அது என் கன்னத்தைக் கீறியது. அத்தை கேட்டபோது, "பூனை கீறிடுச்சு" என்றீர்கள். நம் வீட்டில் பூனை ஏது அப்பா?

உங்களைத் தண்டிக்க இந்தப் படத்தை எடுக்கவில்லை. பட்டாணியைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போவதில்லை. கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருஷமாக. டீக்கடைக்காரர் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டார். அவள் குளியலறைக் கதவைச் சாத்தினால் என் மூச்சு நிற்கிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மா, போயேன்!" என்கிறாள். ஏன் இப்படி ஆனேன் என்று தேடித்தான் அந்த லிஃப்டுக்குப் போனேன்.

அப்பாவாக நடித்தவர் என்னைக் கேட்டார்: "மேடம், இந்த சீன்ல நான் எங்க போயிட்டு வர்றேன்? அது தெரிஞ்சாதானே முகத்துல கொண்டு வர முடியும்?" எனக்குத் தெரியவில்லை. "சட்டை வாங்கப் போயிட்டு வர்றீங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

எங்கே போனீர்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் ஜூனில் பட்டாணியை எப்படி விட்டுவிட்டுத் திரும்புவேன் என்று யோசிக்கிறேன். மறைக்காமல் எழுதிவிட்டேன்.

மகள்


மே 11

அன்பு மகளுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் எல்லா எழுத்தும் புரிந்தது.

இருட்டு என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் என் தலையில் ஏற மறுக்கிறது. லைன் தனி. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று தெரிகிறது. அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா


மே 24

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

போனேன். லிஃப்ட் புதிது. மெஷின் ரூம் பழையதுதான். இப்போதிருக்கும் காவலாளி நல்ல மனுஷன். "பெரியவரே, முழங்காலை வச்சுக்கிட்டு எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனார். மூலையில் இரும்பு அலமாரி. எலி தின்றதுபோக ஆறு நோட்டுகள் இருந்தன. அந்தக் காலத்துக் காவலாளி யார் வந்தாலும் போனாலும் நேரத்தோடு எழுதிவைப்பார். சாயங்காலம் என் முன்னால் நோட்டை நீட்டுவார். நான் மையில் கட்டைவிரலை வைத்து அமுக்குவேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் படிக்கத் தெரியாதது வெளியே தெரிந்துவிடும்.

கண்ணு, தரையில் உட்கார்ந்து என் கட்டைவிரலுக்கு மேலே எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. 'மெக்கானிக் 9.00 உள்ளே, 12.00 வெளியே.' எவ்வளவு ஒழுங்கான ஆள் நான் என்று நினைத்தேன். எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி. ஒரு பக்கத்தில் மட்டும் வரிகள் அதிகம். அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.

'9.10 மெக்கானிக் உள்ளே.
9.35 மெக்கானிக் வெளியே.
12.20 கரண்ட் போனது. பம்ப் ஓடவில்லை.
4.05 கரண்ட் வந்தது.
5.50 மெக்கானிக் உள்ளே.
6.10 லிஃப்ட் ஓடியது.'

அதன் கீழே என் கட்டைவிரல்.

தெருவுக்கே கரண்ட் போனால் தனி லைன் என்ன செய்யும்? முப்பத்தைந்து வருஷம் அந்த விளக்கை எரிய வைத்துக்கொண்டிருந்தேன், என் தலைக்குள். பன்னிரண்டு இருபதிலிருந்து நான்கு ஐந்து வரை நீ இருட்டில் இருந்திருக்கிறாய். எட்டே கால் மணி நேரம் நான் வெளியே இருந்திருக்கிறேன். ஒரு மணி என்று உனக்கு எழுதினேனே, பொய் என்று நினைத்து எழுதவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன். காவலாளி, "என்ன பெரியவரே, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

எங்கே போனேன் என்று கேட்டாய். எழுதுகிறேன்.

உன் அத்தை ஒரு இடம் பார்த்திருந்தாள். கணவரை இழந்த பெண். ஊரின் மறு கோடியில் வீடு. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருப்பதாக அத்தையிடம் சொன்னேன். வழியில் நீலச் சட்டை வாங்கிக் கடையிலேயே போட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் நல்ல மனிதர்கள். அத்தை அடுக்களைப் பக்கம் போயிருந்த நேரம். அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளை குட்டி ஏதும்...?"

நான், "இல்லைங்க. நான் தனிக்கட்டை" என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாயில் வந்தது. வந்ததும் திரும்ப உள்ளே போகவில்லை.

பெண்ணின் அண்ணன் வெளியே போயிருக்கிறார், வந்து பார்த்தால்தான் முடிவு என்றார்கள். சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். எழுந்தேன். "என்ன அவசரம்? வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்காங்க உங்களுக்கு?" என்று சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கு வேறு வேலை, சாப்பிட்டதுமே அவள் போய்விட்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். மறக்கவில்லை கண்ணு. ஒவ்வொரு நிமிஷமும் நினைவு இருந்தது. எழுந்து போக வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் பொய்யன். அதற்காக உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரியும், விளக்கு எரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. மின்விசிறி நின்றது எனக்கு நினைவு இல்லை. நின்றிருக்க வேண்டும். ஒரே ஊர்தானே?

கிளம்பும்போது கைக்குட்டையை எடுத்தேன். பையிலிருந்து உன் சாக்பீஸ் துண்டு ஒன்று கீழே விழுந்தது. ரோஸ் நிறம். அந்தப் பெண் குனிந்து எடுத்தாள். "இது?" என்றாள். "வேலைக்கு" என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையில் கொடுத்தாள். மறுநாள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். நல்ல பெண்.

இது உனக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் தெரியவே போவதில்லை. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

பட்டாணியை என்னிடம் விடாதே.

இப்படிக்கு,
கைநாட்டு


ஜூன் 3

அன்பு மகளுக்கு,

நேற்று ரயில் வந்தது. விடாதே என்று எழுதியவன் நான்தான். ஆனாலும் போய் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள். சுத்தம் செய்கிறவர்கள் ஏறும் வரை நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் எல்லோரும் சுகமா?

அப்பா


ஜூன் 20

அப்பாவுக்கு,

நாங்கள் உடம்புக்கு நலம்.

மூன்று வாரத்துக்கு மேலாக எழுத முடியவில்லை. அந்தக் கடிதத்தைப் பட்டாணி கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அப்புறம் என் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்தேன். ஸ்டூல் போட்டு எடுத்து எடுத்துப் படித்தேன்.

கடைக்குப் போயிருப்பீர்கள், பஸ் கிடைத்திருக்காது, எங்காவது விழுந்து கிடந்திருப்பீர்கள், யாராவது பிடித்து வைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் எத்தனை கதை கட்டினேன் உங்களுக்காக! கதை கட்டுவதுதான் என் தொழில். இந்தக் கதை மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இருட்டைவிட 'தனிக்கட்டை' என்ற வார்த்தைதான் என்னை அறைந்தது. நான் அங்கே "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நீங்கள் அந்த வீட்டில் "இல்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அத்தைக்குப் போன் செய்தேன். "பக்கத்து வீட்ல விட்டிருக்கேன்னுதான்டி என்கிட்ட சொன்னான். பாவி, சோத்தை ரெண்டாந்தரம் வேற போட்டுக்கிட்டான்" என்று அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் நானும் அழுதேன்.

ஒன்று சொல்கிறேன். நான் லிஃப்டுக்குள் இருந்த ஒன்பது மணி நேரம் படத்தில் ஏழு நிமிஷம். முழுதாக இருபது நிமிஷம் எடுப்பதாகத்தான் திட்டம். ஏழாவது நிமிஷத்தில் நான் "கட்!" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அந்தக் குழந்தை, "என்ன ஆன்ட்டி, நான் தப்பா பண்ணிட்டேனா? நல்லா ஜாலியா இருந்துச்சே!" என்றது. அதன் அம்மா பக்கத்திலேயே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அதனால் எழுதவில்லை. அது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த படத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். பட்டாணியை விட்டுவிட்டுத் திரும்ப மாட்டேன். ஜூலை பத்தாம் தேதி அவளோடு நானும் வருகிறேன். நாங்கள் உள் அறையில் இருப்போம். நீங்கள் அவளோடு இருக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். எந்தக் கதவும். இது கண்டிப்பு.

நீங்கள் வகுப்புக்குத் திரும்பப் போங்கள். பட்டாணிக்கு யாராவது கதை படித்துக் காட்ட வேண்டும்.

மகள்


ஜூன் 28

அன்பு மகளுக்கு,

அப்பா, தன் கையால் எழுதுவது. உன் கடிதம் வந்தது. நீ எழுதாததையும் படித்துக்கொண்டேன். அதற்கு நான் அவசரப்படவில்லை.

வகுப்புக்குப் போனேன். நர்ஸம்மாவிடம், "அந்தப் படத்துல வந்த ஆள் நான்தான். எடுத்தது என் மகள்" என்றேன். அவர் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. சிவப்பு மை பேனாவை எடுத்து மூடி போட்டார். "உக்காருங்க. விட்ட பாடம் நிறைய இருக்கு" என்றார். தேநீர் இடைவேளையில் எனக்கு மட்டும் டம்ளர் வரவில்லை. சரிதான்.

கதவு திறந்திருக்க வேண்டும் என்றாய். நேற்றும் இன்றும் அந்த வேலைதான். உள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். அடுக்களைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். துணி அலமாரிக் கொக்கி, பரண் கதவுக் கொக்கி, மாடிப்படிக் கதவு நாதாங்கி எல்லாம் எடுத்துவிட்டேன். மொத்தம் பதினான்கு. திருகாணிகள் தனியாக டப்பாவில். இத்தனை வருஷம் லிஃப்டுக்குக் கதவு மாட்டுகிற வேலையில் சம்பாதித்த கை, இரண்டு நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டது. குளியலறைக் கதவையே எடுத்துவிட்டுத் திரை போட்டிருக்கிறேன். ஆகையால் குளிக்கும்போது எல்லோரும் சத்தமாகப் பாட வேண்டும். எனக்குப் பாட்டு வராது. எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறேன், உள்ளே இருப்பது நான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தெருக் கதவில் மட்டும் பூட்டு இருக்கிறது. அதற்குச் சாவி இரண்டு. இரண்டையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். என்னிடம் வேறு இல்லை. நீ வரும் வரை கதவு சாத்தித்தான் இருக்கும், பூட்டி இருக்காது. திருடன் வந்தால் சுவரில் உள்ள மூன்று கைப் படத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுவான்.

பட்டாணியிடம் ஒன்று சொல்லி வை. இந்த வீட்டில் நான் அவளை "இருக்கியா?" என்று கேட்க மாட்டேன். அது என் கேள்வி இல்லை. அவள் கேட்கட்டும். எந்த அறையிலிருந்தும், எத்தனை தரம் வேண்டுமானாலும், தூக்கத்திலும். நீயும் கேள்.

இருக்கேன்.

அப்பா
(கையெழுத்து)